நாலு கை விருந்தாளி

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் மீனை வாங்கிக்கொண்டு குடலை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். ஒரே ஒருவர் மட்டும் குடலை வாங்கிக்கொண்டு மீனை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார். மார்க்கெட் முழுக்க அவருக்குப் புழு மேடம் என்றுதான் பெயர். முகத்துக்கு நேராகவும் அப்படித்தான் கூப்பிடுவோம். அவருக்கு அதில் துளி வருத்தம் கிடையாது. கண் டாக்டரைக் கண் டாக்டர் என்று கூப்பிட்டால் கோபித்துக்கொள்வாரா என்று எங்களையே திருப்பிக் கேட்பார்.

திருத்தணியில் கடல் மீன் கடை போட்டது என் வீட்டுக்காரரின் அசட்டுத் துணிச்சல். தொண்ணூறுகளின் நடுவில் ஆர்.கே.பேட்டைப் பக்கம் எங்கள் கிணறு வற்றி, கழனி காய்ந்து கிடந்த நேரம். ஊரோ ஏரி மீன் தின்று பழகிய ஊர். கெண்டையும் விராலும் கண் முன்னால் துள்ளினால்தான் ஜனங்கள் பையை நீட்டுவார்கள். அவர்களிடம் போய், சென்னைக் காசிமேட்டிலிருந்து ரயிலில் கூடைக்காரர்கள் ஏறுகிற வெண்டர் பெட்டியில் வந்து இறங்கிய, ஐஸில் விறைத்துப்போன வஞ்சிரத்தைக் காட்டி விற்க வேண்டும். கிருத்திகை வந்தால் ஈ ஓட்ட வேண்டும். புரட்டாசி முழுக்கக் கடைக்குப் பூட்டு. ஆடிக் கிருத்திகைக்கு ஊரே காவடியும் பூவுமாகத் திரளும்போது எங்கள் சந்துக்குள் நாய்கூட எட்டிப் பார்க்காது. இவ்வளவும் தெரிந்துதான் இந்த மனுஷன் கடை போட்டார்.

அந்தக் கடைக்கு முதல் வாடிக்கையாக வந்து சேர்ந்தவர், ஜென்மத்தில் மீன் தின்னாதவர். மலைக்கோயில் மடைப்பள்ளியில் தலைமுறை தலைமுறையாகச் சமைக்கிற வீட்டுப் பெண். அப்பா சமைத்தார், அவருக்குப் பிறகு அண்ணன் சமைத்துக்கொண்டிருந்தார். தங்கை மட்டும் விலங்கியல் படித்து, ரயிலில் போய்வருகிற தூரத்தில் ஒரு கல்லூரியில் பாடம் எடுத்தார். கடல் மீன்களின் வயிற்றில் குடியிருக்கும் நாடாப்புழுக்கள்தான் அவருடைய ஆராய்ச்சி. முதல் நாள் வந்து குடல் கிடைக்குமா என்று கேட்டபோது, வீட்டில் பூனை வளர்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து என் வீட்டுக்காரர் இரண்டு மீன் தலையையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். மறுநாள் அவர் தலைகளைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்.

குடலை எடுத்துப் போக டிபன் கேரியர் வைத்திருந்தார். நாலு அடுக்கு, பளபளவென்று. ஒருநாள் ரயிலில் கூட வேலை பார்க்கிற அம்மா ஒருவர், மடைப்பள்ளி வீட்டுச் சாப்பாடாயிற்றே, புளியோதரையாக இருக்கும் என்று உரிமையோடு மேலடுக்கைத் திறந்துவிட்டார். உள்ளே சுறாவின் குடல். அந்தப் பெட்டியில் அரக்கோணம் வரைக்கும் யாரும் இவர் பக்கத்தில் உட்காரவில்லையாம். இதை எங்களிடம் வந்து சொல்லும்போது மேடத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஜன்னல் ஓர சீட்டு கிடைச்சதும்மா என்றார். அதற்கப்புறம் கேரியரின் கைப்பிடியில் ஒரு சிவப்புக் கயிறு கட்டினார். அது எச்சரிக்கைக்கு. ஆனால் பார்க்கிறவர்களுக்குக் கோயில் கயிறு மாதிரி தெரிந்ததால், இன்னும் நாலு பேர் பக்தியோடு கேரியரைத் தொட்டுக் கும்பிட்டதுதான் மிச்சம்.

அவருக்குச் சந்தோஷத்தை மறைக்கத் தெரியாது. இதுதான் அவர். மற்றதெல்லாம் இதைச் சுற்றி வந்ததுதான். நமக்கெல்லாம் சந்தோஷம் வந்தால் நாலு பக்கம் பார்ப்போம், யார் கண் படும், எவர் என்ன சொல்வார் என்று யோசிப்போம், அப்புறம்தான் பல்லைக் காட்டுவோம். அவருக்கு அந்த இடைவெளியே கிடையாது. ஒரு புழு கிடைத்துவிட்டால் கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்துவிடும், குரல் இரண்டு கடை தள்ளிக் கேட்கும். உடனே முக்கு டீக்கடையில் சொல்லி, எங்கள் வரிசையில் இருக்கிற எல்லாருக்கும் மசால் வடை. ஏரி மீன்காரர், கருவாட்டுக்காரம்மா, மூட்டை தூக்குகிறவர் எல்லாருக்கும் உண்டு. நாடாப்புழு நிறையக் கிடைக்க வேண்டும் என்று முருகனிடம் வேண்டிக்கொண்ட ஒரே மனிதர் எங்கள் ஊர் வடைக்காரராகத்தான் இருப்பார்.

அவருடைய மைக்ராஸ்கோப் எங்கள் கடையின் பின்னறையில் இருந்தது. ஐஸ் பெட்டி வைக்கிற அறை. குடல் கெடுவதற்குள் பிரித்துப் பார்க்க வேண்டும், கேரியரில் கல்லூரிக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி கெட்டுப்போகிறது, வீட்டுக்கோ கொண்டுபோக முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளிலும் லீவு நாட்களிலும் பின்பக்கச் சந்து வழியாக வந்து, பின்பக்கமாகவே போய்விடுவார். முன்பக்கம் வாடிக்கைக்காரர்கள் நிற்கும்போது தலை காட்ட மாட்டார். அண்ணனுக்காக அந்த ஒரு கட்டுப்பாடு. வீட்டுப் புழக்கடையில் குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். ஊருக்கே தெரிந்த விஷயம்தான். ஆனாலும் தெரியாத மாதிரி இருப்பதற்கு ஊருக்கும் அண்ணனுக்கும் ஒரு வசதி தேவைப்பட்டது.

அந்த அண்ணன் மீன் என்ற சொல்லை வாயால் சொல்ல மாட்டார். “அது” என்பார். இன்னைக்கு அது வந்துதா, அதப் பாக்கப் போறியா, அங்கேர்ந்து வந்தா அந்தப் புடவைய தனியா போடு. ஒல்லியான, குரல் உயர்த்தாத மனிதர். அண்ணனைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் மேடத்தின் குரலில் சின்னதாக ஒரு ஏக்கம் தட்டும். நான் என்ன கண்டுபிடிச்சேன்னு அவர் ஒரு தடவகூடக் கேட்டதில்லம்மா என்று ஒருநாள் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் ஒரு திருக்கையின் குடல் வந்துவிட்டது, மறந்துபோய்விட்டார்.

திருக்கைக் குடலை அவர் பிரித்துக் காட்டி நான் பார்த்திருக்கிறேன். உள்ளே சுழல் படிக்கட்டு மாதிரி சுற்றிச் சுற்றி இறங்குகிறது. எத்தனை வருஷமாக வெட்டிக் குப்பையில் போட்டிருக்கிறேன், உள்ளே இப்படி ஒரு மாளிகை இருப்பது தெரியாமல். ஒவ்வொரு படியிலும் ஒவ்வொருத்தர் உட்கார்ந்திருக்காங்க பாருங்க என்று ஊசி முனையால் காட்டினார். வெள்ளை நூல் மாதிரி, ரிப்பன் மாதிரி. இந்தத் திருக்கையில் வாழும் புழு பக்கத்துத் திருக்கை இனத்தில் வாழாதாம், சுறாவின் புழு திருக்கைக்குப் போகாதாம். அவங்கவங்க வீட்டுல அவங்கவங்க என்றார். எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் அவர் காட்டிய விதத்தில், அருவருப்பைக் கொஞ்சம் ஒத்திப்போட்டுவிட்டுப் பார்க்கத் தோன்றியது.

அம்மையார்குப்பத்தில் என் நாத்தனார் கல்யாணத்துக்கு அவரை அழைத்திருந்தோம். பந்தியில் உட்கார்ந்திருந்த பெண்கள் சும்மா இருப்பார்களா, ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று ஆரம்பித்தார்கள். வேறு யாராக இருந்தாலும் முகம் சுருங்கியிருக்கும். இவர் உற்சாகமாக இலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, நாடாப்புழுவின் உடம்பில் ஒவ்வொரு கணுவிலும் ஆணும் உண்டு பெண்ணும் உண்டு, அதற்கு மாப்பிள்ளை தேடுகிற கவலையே கிடையாது என்று விளக்க ஆரம்பித்துவிட்டார். ஜாதகம் வேண்டாம், சீர் வேண்டாம், மண்டப வாடகை வேண்டாம் என்று அடுக்கிக்கொண்டே போனார். பந்தியே சிரித்தது. பெண்ணைப் பெற்ற என் மாமனார் மட்டும், கொடுத்து வச்ச ஜென்மம் என்று பெருமூச்சு விட்டார்.

இத்தனை குதூகலத்திலும் அவருக்கு ஒரு குறை இருந்தது. சுறாவுக்குள் போய்ப் பெரிதாகிற ஒரு வகைப் புழு, குட்டிப் பருவத்தில் வஞ்சிரம், வாளை மாதிரி மீன்களின் வயிற்றில் காத்துக்கொண்டிருக்கும். அந்த மீனைச் சுறா விழுங்கினால் புழுவுக்கு விமோசனம். அந்தக் குட்டிக்கு நாலு கை உண்டு. கை என்றால் நூல் மாதிரி, முழுக்கக் கொக்கி கொக்கியாக முள். அவற்றைத் தலைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, வேண்டும்போது நீட்டும். ஆனால் எங்களிடம் ஐஸில் வருகிறவை செத்திருக்கும், அல்லது சாகக் கிடக்கும். உயிரோடு நாலு கையையும் நீட்டி ஒன்றைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. படத்தில்தாம்மா பார்த்திருக்கேன் என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பங்குனி முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய சமயம், கடையில் நல்ல கூட்டம். பஸ் ஸ்டாண்ட் பக்கம் மெஸ் வைத்திருந்தவர் முன்னால் நின்றிருந்தார். நகரிக்காரர், பாதி தெலுங்கு பாதி தமிழ், என் வீட்டுக்காரரைப் பாவா, அதாவது மச்சான் என்றுதான் கூப்பிடுவார். எங்கள் வஞ்சிரத்தில் பெரிய மீன்கள் எல்லாம் அவருக்குத்தான் போகும். அவருக்காக ஒரு மீனை வகிர்ந்து, குடலைப் பின்னறைக்குத் தள்ளினோம். அடுத்த நிமிஷம் பின்னறைக் கதவு திறந்தது. மேடம் எல்லாக் கட்டுப்பாட்டையும் மறந்து, கூட்டத்தின் நடுவில் வந்து நின்று, உள்ளங்கையை எல்லார் முகத்துக்கும் நேராக நீட்டினார்.

“அசையுது பாருங்க! உயிரோட இருக்கு!”

கையில் வெள்ளரி விதை மாதிரி நாலைந்து. அதில் ஒன்று நிஜமாகவே நெளிந்தது. மெஸ்காரர் தன் பையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பையைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். கூட்டம் கரைந்தது. மேடம் ஒருவர்தான் நின்றார், வடைக்குச் சொல்லட்டுமா என்று கேட்டுக்கொண்டு.

மத்தியானத்துக்குள் விஷயம் நகரி வரைக்கும் போய்விட்டது. கடல் மீனில் புழு, தின்றால் வயிற்றில் வளரும், மூக்கு வழியாக வரும் என்று ஆளுக்கு ஒரு முழம் சேர்த்தார்கள். ஏரி மீன்காரர் எங்களுக்கு வடை பங்காளிதான், ஆனால் வியாபாரம் என்று வந்தால் அவரும் மனுஷன்தானே, எங்களுது ஊர்த் தண்ணி மீனு என்று அன்றைக்கு ஏழு வீட்டுக்குக் கேட்கும்படி கூவினார். அடுத்த வாரம் கூடை அப்படியே இருந்தது. அதற்கடுத்த வாரமும். ஐஸ் உருகி ஓடுவதை உட்கார்ந்து பார்த்தோம். இன்னும் கொஞ்ச நாள் இப்படிப் போனால் கடையை மூடிவிட்டு அம்மையார்குப்பத்தில் பவர்லூம் ஓட்டப் போகிறேன் என்று என் வீட்டுக்காரர் சொல்ல ஆரம்பித்தார். விவசாயம் போய், மீனும் போய், மூன்றாவதாக ஒன்றைத் தொடங்கும் வயசில்லை எங்களுக்கு. எனக்கு நெஞ்செல்லாம் எரிந்தது.

மேடம் வந்தபோது நான் முகம் கொடுக்கவில்லை. அவர் மன்னிப்பு, கின்னிப்பு என்று இழுக்கவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தார். அந்தப் புழு மனுஷ வயிற்றில் வளராது, அதற்குச் சுறாவின் வயிறு வேண்டும், நம்மிடம் வந்தால் அது பாதை தப்பிய பயணி. அதுவும் வேகவைத்தால் அத்தோடு முடிந்தது. இத நான் வாயால சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, கண்ணால காட்டறேன். ஒரு புழுவை உயிரோட எல்லார் முன்னாடியும் வெந்நீர்ல போட்டுக் காட்டறேன், என்றார். எங்கே என்று கேட்டேன். உங்க கடை வாசல்லதான் என்றார். அண்ணன்? என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டார்.

வேடிக்கை என்னவென்றால், வேண்டாதபோது கூட்டத்தின் நடுவில் வந்து குதித்த புழு, வேண்டும்போது வரவில்லை. அன்று உள்ளங்கையில் நெளிந்தது ஒரு கையைக்கூட நீட்டாமல் அன்றைக்கே செத்துப்போயிருந்தது. மேடம் லீவு போட்டுவிட்டுப் பின்னறையில் உட்கார்ந்துவிட்டார். விற்காத மீனை எல்லாம் வகிர்ந்து வகிர்ந்து பார்த்தோம். நானும் என் வீட்டுக்காரரும் எங்கள் மீனில் புழு இருக்க வேண்டுமே என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டோம். இப்படி ஒரு வேண்டுதலை அந்த முருகன் வேறெந்த மீன்காரரிடமிருந்தும் கேட்டிருக்க மாட்டான்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு புழு கிடைத்தது. மேடம் அதை உப்பு நீரில் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர் பார்த்தபடி இருந்தார். சத்தமே இல்லை. அவரிடம் சத்தம் இல்லாமல் போனது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. பிறகு தள்ளி உட்கார்ந்து எங்களைப் பார்க்கச் சொன்னார். என் வீட்டுக்காரர் ஒரு கண்ணை மூடிக் குனிந்தார்.

“ஏய், இன்னாடி இது, நாலு கை கீது. ஆட்டிகினு வேற கீது.”

நானும் பார்த்தேன். தலையிலிருந்து நாலு மெல்லிய கைகள், பளிங்கு மாதிரி, உள்ளே இழுத்து வெளியே நீட்டி, யாரையோ வா வா என்று கூப்பிடுகிற மாதிரி. அழகாகத்தான் இருந்தது. எத்தனையோ வருஷமாக அவர் பார்க்க ஆசைப்பட்டது அதுதான். மறுநாள் காலை எங்களுக்காக வெந்நீரில் போடப்போவதும் அதைத்தான். எனக்குக் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. வேற ஒண்ணு வரட்டும் மேடம், பொறுத்துக்கலாம் என்றேன். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். வேற ஒண்ணு வர்றதுக்குள்ள கடை போயிடும்மா என்றார்.

ஞாயிறு காலை எங்கள் கடை வாசலில், முன்பக்கமாக, மடைப்பள்ளி வீட்டுப் பெண் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். முன்னால் மேஜை, மைக்ராஸ்கோப், ஒரு பூதக்கண்ணாடி, டீக்கடையில் இரவல் வாங்கிய பம்ப் ஸ்டவ், அதன்மேல் கல்லூரியிலிருந்து கொண்டுவந்த பெரிய கண்ணாடிக் குவளையில் தண்ணீர். மீன் வாங்க வராத கூட்டம் வேடிக்கை பார்க்க வந்தது. மெஸ்காரரும் வந்தார். எல்லாரும் வரிசையாகக் குனிந்து நாலு கையைப் பார்த்தார்கள். சிலர் முகம் சுளித்தார்கள், ஒரு கிழவர் மட்டும் வழக்கத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மேடம் அது யார், எங்கே பிறந்தது, எங்கே போகவேண்டியது என்று பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்கிற மாதிரி சொன்னார். இப்போ பாருங்க, வெந்நீர்ல போட்ட உடனே செத்துப்போகும் என்று இடுக்கியால் எடுத்துக் குவளைக்குள் விட்டார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த வீட்டில் பரம்பரையாக ஆண்கள்தான் அடுப்பில் நிற்பார்கள். மேடம் தன் வாழ்நாளில் ஒரு டம்ளர் பால் காய்ச்சியதில்லை. தண்ணீரில் லேசாக ஆவி வந்ததும் கொதித்துவிட்டது என்று நினைத்துவிட்டார்.

புழு சாகவில்லை. வெதுவெதுப்புப் பட்டதும் அதற்கு உற்சாகம் வந்துவிட்டது. மெஸ்காரர் பூதக்கண்ணாடியைக் குவளையின் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அலறினார். “கைய இன்னும் நல்லா நீட்டுதுங்க இது!” கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். எல்லாம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். மேடமோ, சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் கடை கண் முன்னால் மூழ்கிக்கொண்டிருக்கும்போது, இரண்டு கையையும் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

“ஆங், பாருங்க பாருங்க! சூட்டுக்கு எப்படி நீட்டுது பாருங்க! நான் படிச்சது உண்மைதான்!”

அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. உயர்த்தாத குரல்தான், ஆனால் எல்லாரும் விலகினார்கள்.

“கொதியே வரலயே. இப்பிடியா போடுவாங்க?”

அண்ணன். தங்கை மீன் கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறாள் என்று யாரோ மலையேறிப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார். நெற்றி நிறையத் திருநீறு, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு சந்து முனையிலேயே நின்றவர், ஸ்டவ்வைப் பார்த்ததும் பொறுக்கமாட்டாமல் உள்ளே வந்துவிட்டார். நம் வீட்டுப் பிள்ளை தப்பும் தவறுமாகப் பாடினால் சும்மா இருக்க முடியாதல்லவா, அந்த மாதிரி. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, செதிலும் ஐஸ் தண்ணியுமாகக் கிடந்த தரையில் குந்தி உட்கார்ந்து பம்ப் அடித்தார்.

“அத வெளிய எடு மொதல்ல” என்றார் தங்கையிடம். “ஓரத்துல முத்து முத்தா வர்றது கொதி இல்ல. நடுவுல குதிக்கணும். இது தெரியாம நம்ம வீட்டுல பொறந்துட்டியே.”

மேடம் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி புழுவை எடுத்து உப்பு நீரில் விட்டுக்கொண்டு நின்றார். ஸ்டவ் இரைந்தது. தண்ணீரின் ஓரத்தில் முத்து வந்தது, அண்ணன் அசையவில்லை. நடுவில் குமிழ் வந்தது, கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னார். குவளை முழுக்கத் தளதளவென்று குதித்தபோது, இப்போ போடு என்றார்.

மேடம் புழுவை ஒரு தடவை லென்ஸில் பார்த்தார். போடணுமா அண்ணா என்று அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார். பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது. அண்ணன் எங்கள் கூடையைப் பார்த்தார், படியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் எதைப் பார்த்தாரோ அதையெல்லாம் மேடமும் பார்த்தார். பிறகு குனிந்து, போய்ட்டு வா என்று புழுவிடம் சொல்லிவிட்டுக் குவளையில் விட்டார். அது அந்தக் கணமே சுருண்டு, வெள்ளையாகி, அடியில் போய்ச் சாதப் பருக்கை மாதிரி கிடந்தது. மெஸ்காரர் பூதக்கண்ணாடியோடு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, அவுட்டு என்றார்.

ஆனால் அவர் சந்தேகக்காரர். தண்ணி சரி, குழம்பில் எப்படித் தெரியும் என்று கேட்டார். கேட்டது மேடத்தை அல்ல, அண்ணனை. அடுப்பு விஷயத்தில் அந்த மனிதரின் பேச்சை மறுத்துப் பேச எங்கள் ஊரில் ஆள் இல்லை. சாமிக்கே சமைக்கிறவர். அண்ணன் எழுந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் யோசித்தார். மனசுக்குள் அடுப்பைப் பற்ற வைத்திருப்பார் போலிருக்கிறது.

“புளித்தண்ணி பச்ச வாசன போற வரைக்கும் கொதிக்கட்டும். அதுக்கப்புறம்தான் அதப் போடணும். போட்டதுக்கு அப்புறமும் குழம்பு நடுவுல குதிக்கணும். துண்டு நடு வரைக்கும் வெந்துதான்னு பாக்காம எறக்கக் கூடாது.”

“எத சாமி போடணும்?” என்று பின்னாலிருந்து ஒரு குறும்புக்காரன் கேட்டான்.

“அதத்தான்” என்றார் அண்ணன்.

அந்தச் சந்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. அண்ணனுக்குக்கூட உதட்டோரம் லேசாகக் கோணியது. சிரிப்பு அடங்குவதற்குள் மெஸ்காரர் பையை உதறினார். “பாவா, ரெண்டு வஞ்சிரம் பெருசா வெட்டு” என்றார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் பையைப் பிரித்தார்கள். என் வீட்டுக்காரர் கத்தியைத் தேடினார், அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார். நல்லவேளை, உறையில் இருந்தது.

அன்றைக்கு மெஸ்ஸில் அண்ணன் சொன்ன பக்குவத்தில்தான் குழம்பு வைத்தார்கள், பிரமாதமாக வந்ததாம். மடைப்பள்ளிப் பக்குவம் என்று போர்டு எழுதப் போகிறேன் என்று மெஸ்காரர் கிளம்பினார். வேண்டாம் வேண்டாம் என்று மேடம் விரட்டிக்கொண்டு ஓடினார். மலையில் பெரியவர்கள் அண்ணனைக் கூப்பிட்டு விசாரித்தபோது, என் தங்கச்சிக்குத் தண்ணி கொதிக்க வைக்கத் தெரியல, சொல்லிக் கொடுக்கப் போனேன் என்றாராம். அந்தப் பதிலுக்கு மேல் என்ன கேட்பது என்று அவர்களுக்கும் தெரியவில்லை, விட்டுவிட்டார்கள்.

ஆனால் அன்று கூட்டம் போன பிறகு நடந்ததை நான் மறக்கவில்லை. அண்ணன் எங்கள் குழாயில் கை கால் கழுவிக்கொண்டு நின்றார். மேடம் ஆறிப்போன குவளையை மடியில் வைத்துக்கொண்டு, அடியில் கிடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அழுகை இல்லை. ஆனால் எப்போதும் இருக்கிற வெளிச்சமும் இல்லை. இத எவ்ளோ காலமா தேடின என்று அண்ணன் கேட்டார். வேலைக்குச் சேந்ததுலேர்ந்து என்றார் மேடம். அண்ணன் குளத்தில் முழுக்குப் போடப் போனார்.

அந்தப் புரட்டாசியில் வழக்கம்போலக் கடைக்குப் பூட்டு. ஐப்பசி பிறந்து முதல் கூடை வந்து இறங்கிய காலையில், கூட்டம் இன்னும் சேரவில்லை. மேடம் வாசலிலேயே உட்கார்ந்து குடல் பிரித்துக்கொண்டிருந்தார். பின்பக்க வழியை அவர் அந்த ஞாயிற்றுக்கிழமையோடு விட்டுவிட்டார். சந்து முனையில் அண்ணன் வந்து நின்றார், மலையிலிருந்து நேராக. துண்டு மூக்கில். அங்கிருந்தே, கருவாட்டுக்காரம்மா, ஏரி மீன்காரர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

“மீன் வந்துதா? வயித்துல எதுவும் கெடச்சுதா?”

ஏரி மீன்காரர் தராசை அப்படியே வைத்தார். மேடம் இடுக்கியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. திரும்பி டீக்கடைப் பக்கம் பார்த்து, எல்லாருக்கும் வடை என்று கையைக் காட்டினார்.

அன்றைய கூடையில் ஒரு புழுகூட இல்லை. அது எனக்குத் தெரியும், எல்லா மீனையும் வகிர்ந்தது நான்தான். வடைத் தட்டோடு ஓடிவந்த வடைக்காரர், இன்னா மேடம் கெடச்சுது, பெருசா என்று ஆவலாகக் கேட்டார்.

மேடம் சந்து முனையைக் காட்டினார். அங்கே அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டு, பதிலுக்காக இன்னும் நின்றுகொண்டிருந்தார்.